மேக்சி பள்ளியின் புத்தக ஸ்டாண்டு: வாசிக்க மறுத்த பையன்களுக்குப் புத்தகம் தேர்ந்த கதை

1960களின் நடுவில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் விட்மோர் லேக் என்ற சிற்றூரில் டபிள்யூ. ஜே. மேக்சி சிறுவர் பயிற்சிப் பள்ளி இயங்கிவந்தது. நீதிமன்றம் அனுப்பிவைத்த பதின்வயதுப் பையன்களுக்கான சீர்திருத்தப் பள்ளி அது. அங்கே வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே பல பள்ளிகளில் தோற்றவர்கள். எழுத்து என்றாலே அவர்களுக்குத் தேர்வு, திட்டு, அவமானம் இந்த மூன்றும்தான் நினைவுக்கு வரும். வயதுக்கு ஏற்ற வாசிப்புத் திறன் பலரிடம் இல்லை. திறன் இருந்தவர்களுக்கும் புத்தகம் பிடிக்கவில்லை.

பக்கத்தில் ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் டேனியல் ஃபேடர். இந்தப் பையன்களுக்கு ஒரு வாசிப்புத் திட்டம் வகுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் செய்ததையும் அதன் விளைவையும் 1966-இல் மார்ட்டன் ஷேவிட்ஸ் என்பவரோடு சேர்ந்து 'ஹுக்ட் ஆன் புக்ஸ்' என்ற நூலாக வெளியிட்டார். 1968-இல் எல்டன் மெக்நீல் என்ற உளவியலாளரின் மதிப்பீட்டையும் சேர்த்து விரிவான பதிப்பு வந்தது. 1976-இல் இன்னொரு பதிப்பு. புத்தகம் பிடிக்காத பதின்வயதினருக்கு என்ன கொடுப்பது என்று கேட்கும் எவருக்கும் நான் முதலில் எடுத்துச் சொல்வது இந்த மேக்சி பள்ளி அனுபவத்தைத்தான். அறுபது ஆண்டு பழையது, ஊரும் வேறு, மொழியும் வேறு. இருந்தாலும் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக எதிர்கொண்ட இன்னொரு முயற்சியை நான் பார்க்கவில்லை.

புத்தகப் பட்டியலுக்கு முன்னால்

பொதுவாக நாம் பட்டியலில் இருந்து தொடங்குவோம். பையனுக்கு வயது 14, வாசிப்பு பிடிக்காது, என்ன வாங்கலாம் என்று கேட்பவருக்கு உடனே பத்துத் தலைப்புகளைச் சொல்லிவிடுவோம். ஃபேடர் தொடங்கிய இடம் வேறு. இந்தப் பையன்கள் அச்சடித்த தாளை எங்கேயாவது தாமாகவே கையில் எடுக்கிறார்களா என்று பார்த்தார். எடுத்தார்கள். பத்திரிகைக் கடையில், மருந்துக் கடையின் மூலையில், பேருந்து நிலையத்தில். அங்கே தொங்கும் செய்தித்தாளையும் வண்ண இதழையும் மலிவு விலைப் புத்தகத்தையும் எந்தப் பையனும் பயந்து பார்ப்பதில்லை.

அன்றைய அமெரிக்காவில் மெல்லிய அட்டை போட்ட பேப்பர்பேக் புத்தகங்கள் இப்படித்தான் பரவியிருந்தன. 1939-இல் பாக்கெட் புக்ஸ் நிறுவனம் 25 சென்ட் விலையில் புத்தகம் போட ஆரம்பித்தது. அவை கண்ணாடி போட்ட புத்தகக் கடைகளைத் தாண்டி, சோப்பும் சிகரெட்டும் விற்கும் இடங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. ஆனால் பள்ளிகள் அவற்றை உள்ளே விடவில்லை. பள்ளி நூலகத்துக்குக் கெட்டி அட்டைதான் மரியாதை. சீக்கிரம் கிழியாது, பதிவேட்டில் ஏற்றலாம், அலமாரியில் வரிசையாக நிறுத்தலாம். அப்படி நிறுத்தும்போது வாசகனுக்குத் தெரிவது புத்தகத்தின் முதுகு மட்டும்தான். வாசித்துப் பழகியவருக்கு முதுகில் உள்ள பெயர் போதும், எழுத்தாளரைத் தெரியும், தேடி எடுப்பார். வாசிக்காத பையனுக்கு அது வெறும் சுவர்.

ஃபேடர் மேக்சியில் அந்தச் சுவரை எடுத்துவிட்டார். பத்திரிகைக் கடையில் இருப்பது போன்ற சுழலும் கம்பி ஸ்டாண்டுகளில் பேப்பர்பேக் புத்தகங்களை முகப்பு அட்டை தெரியும்படி வைத்தார்கள். பையன் ஸ்டாண்டைச் சுற்றிவிட்டால் போதும், படங்கள் ஒவ்வொன்றாக அவன் முன்னால் வந்து நிற்கும். பிடித்ததை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடலாம். இதற்கான புத்தகங்களும் இதழ்களும் எங்கிருந்து வந்தன என்பதும் கதையில் முக்கியமான பகுதி. டெட்ராய்ட்டில் பத்திரிகை விநியோகத் தொழில் நடத்திவந்த ஐவன் லடிங்டன் என்பவர் அள்ளிக் கொடுத்தார். கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறவர் அவர். எந்த அட்டை நகரும், எது தூசி படிந்து திரும்பி வரும் என்று தொழிலே அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கும். பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும் எந்தக் குழுவிலும் இப்படி ஒரு விநியோகஸ்தரை நான் கண்டதில்லை. ஒரு நாற்காலி போட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டு புத்தகம் உன்னுடையது

அடுத்த ஏற்பாடு இன்னும் எளிது. ஒவ்வொரு பையனுக்கும் இரண்டு பேப்பர்பேக் புத்தகங்கள் சொந்தமாகவே கொடுக்கப்பட்டன. அவனே தேர்ந்தெடுத்தவை. வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் ஸ்டாண்டில் வைத்துவிட்டு வேறு எடுக்கலாம். முடித்தாயா, என்ன புரிந்தது, சுருக்கம் எழுது என்ற விசாரணை கிடையாது.

இந்த மாற்றிக்கொள்ளும் வசதியில்தான் தேர்வின் முழு நுட்பமும் இருக்கிறது என்பது என் கருத்து. வாசிப்பு பிடிக்காத ஒருவருக்கு முதல் புத்தகமே சரியாக அமைய வேண்டும் என்று நாம் தவிக்கிறோம். அமையாது. நூறு புத்தகம் படித்தவருக்கே வாங்கியதில் பாதிதான் பிடிக்கிறது. பிடிக்காத புத்தகத்தைப் பத்தாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டு வேறு எடுப்பது நல்ல வாசகர்கள் எல்லாரும் செய்வது. வாசிக்காத பையனுக்கு மட்டும் அந்த உரிமை கிடைப்பதில்லை. எடுத்தால் முடித்தாக வேண்டும் என்பது அவனுக்கான சட்டம், அதனால் எடுக்கவே மாட்டான். மேக்சியில் கைவிடுவதற்கு எந்த விலையும் இல்லை. ஆகவே எடுப்பதற்கும் பயமில்லை.

புத்தகம் தொலையுமே என்ற கவலை நம் ஊர் ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரிந்த கவலை. இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதனால் பீரோ பூட்டியே இருக்கிறது. இதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. மேக்சியில் இருந்த பையன்களில் பலர் திருட்டுக்காகவே பிடிபட்டவர்கள். அங்கேயே புத்தகத்தைச் சொந்தமாகக் கொடுத்துவிட முடிவெடுத்தார்கள். கொடுத்துவிட்ட பொருளை யாரும் திருட முடியாது. மலிவு அட்டைப் புத்தகம் என்பதால் இழப்பும் தாங்கக்கூடியதாக இருந்தது.

திட்டத்தில் வேறு சில பகுதிகளும் உண்டு. மொழி வகுப்பில் மட்டும் இல்லாமல் எல்லாப் பாட வகுப்புகளிலும் செய்தித்தாளும் இதழும் புழங்கின. எல்லா ஆசிரியரும் வாசிப்புக்குப் பொறுப்பு. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பேப்பர்பேக் அகராதி சொந்தமாகக் கிடைத்தது. குறிப்பேடு ஒன்று கொடுத்து, எதை வேண்டுமானாலும் எழுது, பிழை திருத்த மாட்டோம், எதுவும் தோன்றவில்லையென்றால் பத்திரிகையைப் பார்த்துக் காப்பியடித்தாலும் சரி என்று சொன்னார்கள்.

ஹாதோர்னைக் கேட்டு வந்த பையன்

இந்தத் திட்டத்தில் இருந்து அதிகம் சொல்லப்படும் சம்பவம் ஒன்று. 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலில் வரும் பெண் 'அந்த மாதிரிப் பெண்' என்று ஒரு பையன் எங்கோ கேள்விப்பட்டுவிட்டான். நதானியல் ஹாதோர்ன் 1850-இல் எழுதிய நாவல் அது. நீண்ட வாக்கியங்கள், பழைய சொற்கள். கல்லூரி மாணவர்களே திணறுவார்கள். இந்தப் பையனின் வாசிப்பு மட்டத்தை அளந்திருந்த எந்தத் தேர்வும் அவனிடம் இதைக் கொடு என்று சொல்லியிருக்காது. அவனே கேட்டு வாங்கிப் போய், விடாமல் மோதிப் படித்தான். கடைசியில் அவன் வந்து சொன்னது, அந்தப் பெண் அப்படிப்பட்டவள் இல்லை என்பது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஊரே ஒரு பெண்ணின் மார்பில் குறி குத்தி ஒதுக்கிவைக்கிறது. அந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்வதற்காகத்தான் ஹாதோர்ன் அந்த நாவலையே எழுதினார். சமூகம் குறி குத்தி அனுப்பிவைத்த ஒரு பையன், யாரும் விளக்காமல், அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். இலக்கிய வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் பேசினாலும் இதற்கு மேல் என்ன வந்துவிடப் போகிறது?

தேர்வு பற்றி இதில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மட்டம் பார்த்துப் புத்தகம் கொடுப்பது நல்ல தொடக்கம்தான், ஆனால் அதுவே வேலியாகிவிடக் கூடாது. தெரிந்தே ஆக வேண்டும் என்ற துடிப்பு இருந்தால் பதின்வயதுப் பிள்ளை தன் மட்டத்துக்கு மேலே ஏறிப் படிக்கும். அந்தத் துடிப்பு வந்த வழி கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை.

மதிப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். மேக்சி பையன்களோடு ஒப்பிடுவதற்காக, இந்தத் திட்டம் இல்லாத வேறொரு சீர்திருத்தப் பள்ளியின் பையன்களையும் மெக்நீல் சோதித்தார். வாசித்துப் புரிந்துகொள்வதில் மேக்சி பையன்கள் தெளிவாக முந்தியிருந்தார்கள். பள்ளியைப் பற்றியும் தங்களைப் பற்றியும் அவர்கள் நினைத்த விதமும் மேலாக இருந்தது. மொழிக் கல்வி ஆய்வாளர் ஸ்டீஃபன் கிராஷன், தானாகத் தேர்ந்து படிப்பதன் பலனைப் பற்றி எழுதும்போது இந்த ஆய்வையும் சான்றாக எடுத்துக்கொள்கிறார்.

தெரியாது என்று நடித்த பையன்

ஃபேடரின் இன்னொரு நூல் 1971-இல் வந்த 'தி நேக்கட் சில்ட்ரன்'. வாஷிங்டன் நகரில் கார்னெட்-பேட்டர்சன் என்ற நடுநிலைப் பள்ளியில் அவர் வேலை செய்த அனுபவம் அது. பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளி. வாசிக்கவே தெரியாது என்று எல்லா ஆசிரியரும் முடிவு கட்டிவைத்திருந்த ஒரு பையன் அங்கே இருந்தான். அவனுக்கு நன்றாகவே வாசிக்கத் தெரியும் என்பது பிறகு தெரிந்தது. நினைவு தெரிந்த நாளில் இருந்தே தெரியுமாம். ஆசிரியர்களுக்குத் தெரியவிடக் கூடாது என்று அவனே தீர்மானித்திருந்தான்.

பதின்வயதினர் விஷயத்தில் நாம் அடிக்கடி தவறவிடுவது இதைத்தான். ஏழு வயதுக் குழந்தை வாசிக்கவில்லை என்றால் பெரும்பாலும் முடியவில்லை என்று பொருள். பதினான்கு வயதில் அதோடு மானமும் சேர்ந்துவிடுகிறது. வாசித்தால் அம்மா ஜெயித்துவிடுவார், வாத்தியார் ஜெயித்துவிடுவார். வகுப்பில் திக்கித் திணறி வாசித்தபோது சிரித்த பையன்கள் இன்னும் பக்கத்து பெஞ்சில்தான் இருக்கிறார்கள். அந்த நிலையில், 'ரொம்ப நல்ல புத்தகம்டா, உனக்கு உபயோகமா இருக்கும்' என்று நீட்டப்படும் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது எதிரியின் கையில் இருந்து வருவதுதான். சுயமுன்னேற்ற நூல்கள் பிறந்தநாள் பரிசாக வந்து, திறக்கப்படாமல் மேசையில் கிடப்பதற்கு இதுவே காரணம். கொடுத்த கை தன் குறையைச் சுட்டுகிறது என்று பிள்ளைக்குத் தெரியும்.

அப்படியென்றால் புத்தகத்தில் சரக்கு முக்கியமில்லையா? மிக முக்கியம். அதைப் பேச, மேக்சியை விட்டு ஓக்லஹோமா மாநிலத்துக்குப் போக வேண்டும்.

டல்சா நகரத்துப் பெண் எழுதியது

எஸ். இ. ஹிண்டன் 1948-இல் டல்சா நகரில் பிறந்தவர். தன் வயதுப் பிள்ளைகளைப் பற்றிய புத்தகங்கள் எதுவும் உண்மையாக இல்லை என்ற கோபத்தில் பதினைந்து வயதில் ஒரு நாவலைத் தொடங்கினார். ஃபேடரின் நூல் வந்ததற்கு அடுத்த ஆண்டு, 1967-இல், அவருடைய பதினெட்டாம் வயதில் 'தி அவுட்சைடர்ஸ்' என்ற பெயரில் அது வெளிவந்தது. எழுதியது பெண் என்று தெரிந்தால் பையன்களின் சண்டையைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்பதால் முதலெழுத்துகள் மட்டும் அட்டையில் போடப்பட்டன.

கதை சொல்லும் போனிபாய்க்கு வயது 14. சினிமாக் கொட்டகையில் இருந்து தனியாக வீட்டுக்கு நடந்துவருகிறான், பணக்காரப் பையன்கள் காரில் வந்து வளைத்துக்கொள்கிறார்கள். இது முதல் சில பக்கங்களிலேயே நடந்துவிடுகிறது. அப்பா அம்மா இல்லை, அண்ணன்கள்தான் வளர்க்கிறார்கள். பிறகு ஒரு கொலை விழுகிறது. போனிபாயும் நண்பன் ஜானியும் ஊரை விட்டு ஓடிப் பாழடைந்த தேவாலயம் ஒன்றில் ஒளிந்துகொள்கிறார்கள். அங்கே பொழுது போக ஜானி வாங்கி வந்தது ஒரு பேப்பர்பேக் புத்தகம்: 'கான் வித் தி விண்ட்'. அவ்வளவு தடிமனான நாவலை ஒருவன் உரக்க வாசிக்க, பள்ளியில் மக்கு என்று பெயர் எடுத்த ஜானி மெய்மறந்து கேட்கிறான். பதினேழு வயதுக்குள் இருந்த ஒரு பெண், வாசிக்காத பையன் எப்போது வாசகன் ஆவான் என்பதைக் கதைக்குள்ளேயே எழுதிவைத்துவிட்டாள். பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லை, வேறு போக்கிடம் இல்லை, வாசித்துக் காட்டுவது நண்பன். எனக்கு இந்தப் பகுதி நாவலின் உயிர்.

தொடக்கத்தில் இந்தப் புத்தகத்தை மருந்துக் கடை ஸ்டாண்டுகளில் வைத்து விற்கப் பார்த்தார்கள். பெரிதாக நகரவில்லை. ஆனால் சில இடங்களில் மட்டும் விற்பனை கூடியதைப் பதிப்பகம் கவனித்தது. விசாரித்தால், அங்கே ஆசிரியர்கள் இதை வகுப்பில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேறு எதையும் படிக்காத பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள் என்று ஆசிரியர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். ஃபேடரின் ஸ்டாண்டு மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு திருத்தம். சரியான புத்தகம் ஸ்டாண்டில் இருந்தாலும், 'இதைப் பாரேன்' என்று சொல்லும் ஒருவர் தேவைப்படலாம்.

1980-இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் உள்ள லோன் ஸ்டார் பள்ளியின் நூலகத்தில் பணியாற்றிய ஜோ எலன் மிசாகியன், திரைப்பட இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகம் உயிர், இதைப் படமாக எடுங்கள் என்று கேட்டு, மாணவர்களின் கையெழுத்துகளோடு புத்தகத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். 1983-இல் படம் வந்தது. அந்த நூலகருக்கும் மாணவர்களுக்கும் அதைச் சமர்ப்பணம் செய்திருந்தார் கொப்போலா. வாசிக்கப் பிடிக்காத வயதுப் பிள்ளைகள் ஒரு புத்தகத்துக்காக வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

என்ன பார்த்து எடுப்பது

இந்த அனுபவங்களை வைத்துப் பார்க்கும்போது, ஸ்டாண்டில் எதை வைப்பது என்பதற்குச் சில அடையாளங்கள் தெரிகின்றன.

அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு, படிக்கப் பிடிக்காத பதின்வயதினருக்கென்றே ஒரு புத்தகப் பட்டியலைப் பல ஆண்டுகள் வெளியிட்டுவந்தது. அதன் அளவுகோல்களில் ஒன்று, முதல் பத்துப் பக்கங்களுக்குள் ஆளை இழுக்கும் கொக்கி இருக்க வேண்டும் என்பது. இதை நான் அப்படியே ஏற்கிறேன். கடையில் புத்தகத்தை எடுத்தவுடன் முன்னுரை, அணிந்துரை, பதிப்புரை எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கதை தொடங்கும் பக்கத்துக்குப் போங்கள். மூன்றாம் பக்கத்துக்குள் யாருக்காவது ஏதாவது நடக்கிறதா? நம் தமிழ்ப் புத்தகங்களில் அணிந்துரைகளே இருபது பக்கம் போகும். வாசிக்காத பிள்ளை அங்கேயே மூடிவிடும். அந்தப் பக்கங்களைக் கிளிப் போட்டு மூடிவைத்துக் கொடுத்தாலும் தப்பில்லை.

நாயகனின் வயதும் முக்கியம். தன்னைவிடச் சின்னவனைப் பற்றிப் படிக்க எந்தப் பதின்வயதுப் பிள்ளைக்கும் பிடிக்காது. இதனால் ஒரு சிக்கல் வருகிறது: எட்டாம் வகுப்பில் இருந்தும் மூன்றாம் வகுப்பு அளவுக்கு மட்டுமே வாசிக்க முடிகிற பிள்ளைக்கு எளிய மொழி வேண்டும், ஆனால் முயல் குட்டிக் கதையைக் கொடுத்தால் அவமானம். 1998-இல் எடின்பரோவில் தொடங்கிய பேரிங்டன் ஸ்டோக் பதிப்பகம் இந்த ஒரு சிக்கலைத் தீர்ப்பதையே தொழிலாகக் கொண்டது. கதை பதினான்கு வயதுக்கு, மொழி அதைவிட எளிது, புத்தகம் மெலிது, தாள் கண்ணை உறுத்தாத மங்கிய நிறம். அச்சுக்குப் போகும் முன் கைப்பிரதியைப் பிள்ளைகளிடமே கொடுத்து எங்கே தடுக்கிறது என்று கேட்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. தமிழில் பதின்வயதினருக்கு இப்படி ஒரு வரிசை மிகவும் அவசியம். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறு நூல்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாகப் பிரித்தது. வகுப்பு எண் அட்டையில் இல்லாததால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை 'நுழை' புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் தலை குனிய வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்குப் பிள்ளைகளின் மனம் தெரிந்திருக்கிறது.

பாதி தெரிந்த கதை பிள்ளையின் பயத்தைப் பாதியாகக் குறைக்கும். படம் பார்த்துவிட்டான், இனி ஏன் படிப்பான் என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த அளவில் படம் பார்த்தவன்தான் படிக்கிறான். 'அசுரன்' படம் வந்தது 2019-இல். அதற்கு அடிப்படை, பூமணி 1982-இல் வெளியிட்ட 'வெக்கை'. நாயகன் சிதம்பரத்துக்கு வயது 15. அண்ணனைக் கொன்றவனை அரிவாளால் வெட்டிவிட்டு அவன் ஓடுவதில்தான் நாவலே தொடங்குகிறது. பிறகு அப்பாவும் மகனும் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள், கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், பழைய கதை பேசுகிறார்கள். ஊரை விட்டு ஓடிப் பாழடைந்த தேவாலயத்தில் ஒளிந்த ஹிண்டனின் இரண்டு பையன்களுக்கும் கரிசல் காட்டில் ஒளிந்த இந்தப் பையனுக்கும் எவ்வளவு நெருக்கம்! பூமணி பதின்வயதினருக்கென்று இதை எழுதவில்லை. ஆனாலும் தமிழில் வாசிப்பு பிடிக்காத பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஒரே ஒரு நாவலைச் சொல் என்றால் நான் 'வெக்கை'யைத்தான் சொல்வேன். வட்டார வழக்கு முதலில் கொஞ்சம் தடுக்கும், தென்மாவட்டப் பிள்ளைக்கு அதுவும் இல்லை.

இங்கே பெற்றோர் பதறுவது இயல்பு. வெட்டுக்குத்துப் புத்தகத்தையா பிள்ளையிடம் கொடுப்பது? 'தி அவுட்சைடர்ஸ்' நூலுக்கும் அமெரிக்கப் பள்ளிகள் சிலவற்றில் இதே எதிர்ப்பும் தடையும் வந்தன. என் பதில்: அந்தப் பிள்ளை ஏற்கெனவே திரையில் இதைவிட நூறு மடங்கு பார்த்திருக்கிறது, அதில் வெட்டியவன் அடுத்த காட்சியில் பாட்டுக்கு ஆடுகிறான். 'வெக்கை'யில் வெட்டிய பிறகு வரும் பயம், பசி, அப்பாவின் மௌனம் இவைதான் புத்தகம். வன்முறையின் விலையை இவ்வளவு பொறுமையாகச் சொல்லும் ஒன்றைத் தடுத்து என்ன சாதிக்கப் போகிறோம்?

காமிக்ஸைப் பற்றி நீட்ட வேண்டாம். 1972-இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியதில் இருந்து இன்றுவரை பெட்டிக்கடைக் கயிற்றிலும் புத்தகக் காட்சி அரங்கிலும் எத்தனை தமிழ்ப் பையன்களை அது வாசகர்கள் ஆக்கியிருக்கிறது என்பதை அவர்களே சொல்கிறார்கள். நம் பெட்டிக்கடைக் கயிறும் மேக்சியின் சுழல் ஸ்டாண்டும் செய்த வேலை ஒன்றுதான்: அட்டை முன்னால் தெரியும், பையில் அடங்கும், வாங்குகிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. அப்புறம், கதையே பிடிக்காத பிள்ளைகள் உண்டு. பாம்பு, பைக், கிரிக்கெட், செஸ், விண்வெளி என்று தகவல் நூல்களில்தான் அவர்களுக்கு ருசி. அவர்களிடம் நாவலை வற்புறுத்துவது வீண். பைக் என்ஜின் வேலை செய்யும் விதத்தை வரி விடாமல் படிப்பதும் வாசிப்புதான்.

இந்த ஆய்வால் சொல்ல முடியாதவை

மேக்சி பையன்கள் பூட்டிய வளாகத்துக்குள் இருந்தவர்கள். கையில் போன் இல்லை, தெருவுக்குப் போக வழியில்லை. ஸ்டாண்டுக்குப் போட்டியாக அங்கே எதுவும் பெரிதாக இல்லை. இன்று இதே ஸ்டாண்டை வைத்துவிட்டு அதே பலனை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் வரும். போன் இல்லாத ஒரு நேரத்தையும் சேர்த்து உண்டாக்க வேண்டும். பள்ளியில் லைப்ரரி பீரியட் என்று ஒன்று அட்டவணையில் இருக்கிறது. அதைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டாலே அந்த நேரம் கிடைத்துவிடும்.

புத்தகத் தேர்வால் தீராத சிக்கல்களும் உண்டு. எழுத்துகள் கலங்கித் தெரிகிற பிள்ளைக்கு முதலில் கண் பரிசோதனை வேண்டும். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கும் பிள்ளைக்கு முறையான பயிற்சி வேண்டும். எழுத்துக்கூட்டவே வராத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஒருவர் வேண்டும். இவர்களுக்கு நண்பன் ஒருவன் உரக்க வாசித்துக் காட்டலாம், ஒலிப்புத்தகம் கொடுக்கலாம். அதனால் ஆசை குறையாமல் இருக்கும், ஆனால் பயிற்சிக்கு அது ஈடாகாது.

இன்னொன்று, மேக்சி முழுக்கப் பையன்களின் பள்ளி. பெண்பிள்ளைகளைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. நம் ஊரில் பெட்டிக்கடை முன்னால் நின்று அட்டை பார்க்கும் சுதந்திரமும் பெரும்பாலும் பையன்களுக்கே இருந்தது. கிளை நூலகத்தில் மாலையில் உட்கார்ந்து படிப்பதும் அப்படியே. பள்ளி விட்டதும் பெண்பிள்ளை நேராக வீட்டுக்குப் போயாக வேண்டும், போனால் வேலை காத்திருக்கிறது. அவளுக்குப் புத்தகம் பிடிக்கவில்லை என்று நாம் குறித்துவைக்கும் பல இடங்களில், அவள் கையில் புத்தகம் போய்ச் சேர்ந்ததே இல்லை. ஆகவே பெண்கள் பள்ளி ஒன்றில் இந்தத் திட்டத்தைத் தொடங்குவதாக இருந்தால், நான் ஸ்டாண்டை நூலக அறையில் வைக்க மாட்டேன். வகுப்பறைக்குள், கதவுக்குப் பக்கத்தில் வைப்பேன். இரண்டு புத்தகம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், திருப்பித் தரும் தேதி கிடையாது என்று எழுதி ஒட்டுவேன். மாதம் ஒருமுறை, எந்த அட்டை அதிகம் கசங்கியிருக்கிறது என்று பார்த்து அதே மாதிரி இன்னும் பத்து வாங்கி வைப்பேன்.